பாசியை ஆராய்ந்த பேராசிரியர்

மண்ணின் அருமையைப் பற்றி விருத்தாசலத்தாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காலால் மிதிபடும் களிமண், சூளையில் வெந்து பீங்கான் கோப்பையாகவும், குழந்தைகள் விளையாடும் பொம்மையாகவும், மின்சார வேலைக்கு வேண்டிய சாமானாகவும் மாறி வெளியூர்களுக்குப் போவதை அவர்கள் கண்டு பழகியவர்கள். சேறு என்றால் முகம் சுளிப்பவர் அவ்வூரில் அதிகம் இருக்க முடியாது. அந்தச் சேற்றிலேயே வேறொரு செல்வத்தையும் காணலாம் என்று உலகத்துக்குக் காட்டிய தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் இருந்தார். சூளை மண்ணிலிருந்து பாண்டத்தை எடுக்கிறது. அவர் மண்ணிலிருந்து தாவர குலத்தின் பூர்வ சரித்திரத்தில் ஓர் ஏட்டை எடுத்தார். மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் என்பது அவர் பெயர். அவர் விருத்தாசலத்தவர் அல்லர்; சென்னை நகரத்தவர். எனினும் மண்ணின் மதிப்பை அறிந்த ஊராருக்கு அவருடைய வாழ்க்கை எளிதில் விளங்கும் என்பதால் அங்கிருந்து தொடங்கினோம்.

ஐயங்கார் ஆராய்ந்த பொருள் பாசி. குளத்தில் வழுக்கிவிடும் பாசி. குடத்தின் அடியில் படியும் பாசி. மழை பெய்த மறுவாரம் முற்றத்தில் பச்சை பூசும் பாசி. பெண்கள் தேங்காய் நார் கொண்டு தேய்த்து எறியும் பொருளுக்காக ஒருவர் ஆயுள் முழுவதையும் செலவிட்டார் என்றால் சிலர் நகைக்கக்கூடும். அப்படி நகைப்பவருக்கே அவர் வாழ்க்கை முக்கியமாகச் சொல்லத் தக்கது. ஒரு தேசம் எதை அற்பம் என்று ஒதுக்குகிறதோ, அதில்தான் பல சமயங்களில் அதன் அறிவுக்குரிய வேலை காத்துக் கிடக்கிறது.

இளமையும் கல்வியும்

1886ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி சென்னையில் ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில் பார்த்தசாரதி ஐயங்கார் பிறந்தார். ஹிந்து உயர்தரப் பாடசாலையிலும், பின்னர் பிரஸிடென்ஸி கலாசாலையிலும் படித்து 1909இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அந்தக் கலாசாலை அப்பொழுது எத்தகைய மாணவர்களைப் பெற்றிருந்தது என்பதை ஒரு பெயரால் சொல்லிவிடலாம். சர் சி. வி. ராமன் அங்கேதான் 1907இல் எம்.ஏ. தேறினார். ராமனுடைய கீர்த்தி வீடுதோறும் எட்டியது. ஐயங்காருடைய கீர்த்தி தாவர சாஸ்திரிகளின் வட்டத்துக்குள் நின்றுவிட்டது. ஒளியைக் காட்டிலும் பாசி ஜனங்களின் மனத்தைக் கவராதது இயல்பே.

பட்டம் பெற்றபின் அவர் சென்னை எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையில் தாவரப் பகுதியைக் கவனிக்கும் உத்தியோகத்தில் அமர்ந்தார். இரண்டு வருஷங்களுக்குப் பின், 1911இல், சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்கு விரிவுரையாளராகச் சென்றார். ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருப்பது ஆரவாரமற்ற வேலை. ஆனால் நாட்டின் மூலை முடுக்குகளிலுள்ள பாடசாலைகளுக்கெல்லாம் செல்லும் விதை அங்கேதான் பொறுக்கப்படுகிறது. 1920இல் தாம் படித்த பிரஸிடென்ஸி கலாசாலைக்கே தாவர சாஸ்திரப் பேராசிரியராகத் திரும்பி வந்தார்.

அக்காலத்தில் இந்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய அறிவு யார் கையில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ராக்ஸ்பர்க், ராபர்ட் வைட் முதலிய கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நம்முடைய செடி கொடிகளைப் பட்டியல் செய்து பெரும் புத்தகங்கள் வெளியிட்டிருந்தனர். காம்பிள் என்பவர் சென்னை ராஜதானியின் தாவரங்களைப் பற்றிய நூலை 1915 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டு வந்தார். பிரஸிடென்ஸி கலாசாலையிலேயே பைஸன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் பூக்கும் செடிகளை ஆராய்ந்து நூல் எழுதினார். 1919இல் இந்தியத் தாவர சாஸ்திரத்துக்கென்று ஒரு பத்திரிகையையும் தொடங்கினார். இவர்கள் செய்த உழைப்பு பெரிது. அதை மறுப்பது நன்றி கெட்ட செயலாகும். ஆயினும் மரம் சர்க்காருக்கு வருமானம் தருவது. மூலிகை மருந்துக்கு உதவுவது. பூஞ்செடி கண்ணுக்கு இனியது. பாசியோ இம்மூன்றில் எதற்கும் சேராதது. ஆகவே நம் குளங்களின் பாசி பெரும்பாலும் பெயர்கூட இல்லாமல் கிடந்தது. அந்த இடத்தை ஐயங்கார் தமக்கு உரியதாக எடுத்துக்கொண்டார்.

குளமே ஆராய்ச்சிச் சாலை

பாசியை ஆராய்வதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டியதில்லை. கண்ணாடிக் குப்பி ஒன்று, மைக்ராஸ்கோப் என்னும் பூதக்கண்ணாடி ஒன்று, பார்த்ததைப் பார்த்தபடியே வரையும் கை, இவை போதும். இவற்றோடு பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் வேண்டும். அதுதான் பொறுமை. பாசி வருஷம் முழுவதும் ஒரே உருவத்தில் இருப்பதன்று. மழைக்காலத்தில் செழிக்கும், நீர் வற்றும்போது தன் வம்சத்தைக் காக்க உறையிட்ட வித்துக்களை உண்டாக்கும், கோடையில் காணாமற் போகும். அது கருவுறும் தருணத்தைக் கண்டாலொழிய அதன் இனம் இன்னதென்று பல சமயங்களில் நிச்சயிக்க முடியாது. ஆகையால் ஒரு குட்டையை ஒரு முறை பார்த்தவன் அதைப் பார்த்தவனாகமாட்டான். ஐப்பசியிலும் தையிலும் பங்குனியிலும் அதே கரைக்குச் சென்று குனிபவனுக்கே அது தன் ரகசியத்தைச் சொல்லும்.

இதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. செடியை மட்டும் பிடுங்கி வந்து உலர்த்திக் காகிதத்தில் ஒட்டினால் அதன் பெயர் தெரியும், வாழ்வு தெரியாது. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், எவ்வளவு ஈரத்தில், எதன் அயலில் அது வாழ்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் சாஸ்திரத்தைச் சூழலியல் என்கிறோம். ஐயங்காருடைய சிறந்த கண்டுபிடிப்பு அவ்விதமான பார்வையால்தான் கிட்டியது என்பதைப் பின்னே காண்போம்.

1923இல் அவர் வெளியிட்ட குறிப்பு ஒன்று ஸ்பைரோகைரா முதலிய பாசிகளைப் பற்றியது. பட்டுநூல் போல் நீரில் மிதக்கும் அந்த இனத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். அவற்றில் சில வேர் போன்ற பிடிப்புகளால் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதை அவர் விவரித்தார். 1927இல் பாம்பனுக்கு அருகே மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி அவர் எழுதியதைச் சென்னைப் பொருட்காட்சிச்சாலை வெளியிட்டது. நன்னீர்க் குட்டையிலிருந்து உப்புக்கடல் வரை தென்னாட்டின் நீர்நிலைகள் யாவும் அவருக்குப் புத்தகமாயின. நூற்றுக்கணக்கான உயிரணுக்கள் பச்சை உருண்டையாகக் கூடி நீரில் உருண்டு செல்லும் வால்வாக்ஸ் இனத்தைப் பற்றி அவர் எழுதிய விரிவான ஆராய்ச்சி 1933இல் லண்டன் லின்னேயன் சங்கத்துப் பத்திரிகையில் வந்தது.

லண்டனில்

1930ஆம் ஆண்டு நம் நாட்டில் யாரும் மறக்க முடியாத ஆண்டு. காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பு எடுத்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர் படையுடன் நடந்தார். கரையோர மண்ணில் தேசத்தார் சுயராஜ்யத்தைத் தேடிய அந்த ஆண்டில்தான் ஐயங்கார் லண்டனுக்குச் சென்றார். அவருக்கு அப்பொழுது நாற்பத்து மூன்று வயது. பலர் கற்றது போதும் என்று ஓயும் வயதில், கல்லூரிப் பேராசிரியரான அவர் மாணவராக மீண்டும் அமர்ந்தார். கிழக்கு லண்டனிலிருந்த கலாசாலையில் பாசி சாஸ்திரத்தில் உலகப் பிரசித்தி பெற்ற பிரிட்ஷ் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார்.

1932இல் ஆங்கில நாட்டுத் தாவர சாஸ்திரப் பத்திரிகை ஒன்றில் ஐயங்கார் ஒரு புதிய பாசியை விவரித்தார். அது நீரில் மிதப்பதன்று. மழைநீர் தேங்கிய இடங்கள் வற்றும்போது ஈரம் காயாத சேற்றில் வளர்வது. மேலே பார்த்தால் வெறும் பச்சைப் படலம். யாரும் திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போவர். சேற்றோடு பெயர்த்துக் கழுவிப் பூதக்கண்ணாடியில் வைத்தால்தான் அதன் அமைப்பு விளங்கும். மண்ணுக்குள் அணுக்கள் திரண்டு கிழங்கு போல் கிடக்கின்றன. அங்கிருந்து நிறமற்ற இழையொன்று வேரைப் போல் கீழே இறங்குகிறது. மற்றோர் இழை மேலே புறப்பட்டு மண்ணைப் பிளந்துகொண்டு வெளிவந்து, கிளைத்துப் பச்சைக் கொத்தாகப் பரவுகிறது. வெயில் மிகுந்தால் மேற்பகுதி மடிந்துபோகும். கீழேயுள்ள கிழங்கு உணவைச் சேமித்துக்கொண்டு அடுத்த மழைவரை உயிர் தாங்கும்.

இந்தச் சிறு பொருள் ஏன் அறிஞர் உலகில் கிளர்ச்சியை உண்டாக்கியது? பூமியில் தாவரங்கள் முதலில் நீரிலேயே வாழ்ந்தன. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை தரையில் குடியேறின. அந்தக் குடியேற்றம் நிகழ்ந்திராவிட்டால் புல்லும் இல்லை, நெல்லும் இல்லை; நாமும் இல்லை. நீரில் வாழும் பாசி, தரையில் நிற்கும் செடியாக எவ்வாறு மாறியிருக்கக்கூடும் என்பது தாவர சாஸ்திரத்தின் பெருங்கேள்விகளில் ஒன்று. வேரும் தண்டும் எங்கிருந்து வந்தன? ஒரு பகுதி மண்ணுக்குள்ளும் ஒரு பகுதி காற்றிலுமாக வேலையைப் பகிர்ந்துகொண்ட ஒரு பாசி, உயிரோடு, தென்னிந்தியச் சேற்றில் இருக்கிறது என்று ஐயங்கார் காட்டியபோது, அந்தக் கேள்வியை ஊகத்தால் மட்டும் விவாதித்து வந்தவர்களுக்குக் கண்ணால் காணும் உதாரணம் ஒன்று கிடைத்தது. தாவரங்களின் தோற்றத்தைச் சொல்லும் பாடப் புத்தகங்களில் அது இடம் பெற்றது.

பெயர் விவகாரம்

அந்தப் பாசிக்கு ஐயங்கார் பிரிட்ஷியெல்லா என்று தம் ஆசிரியரின் பெயரை வைத்தார். அடிமை நாட்டு அறிஞர் ஒருவர், தம் தாய்மண்ணில் கண்ட பொருளுக்கு ஆளும் நாட்டவர் ஒருவரின் பெயரைச் சூட்டியது தகுமா என்று தேசாபிமானிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கவர்னரின் பெயரையோ கலெக்டரின் பெயரையோ அவர் வைக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதிகாரத்துக்குக் கும்பிடு போடுவது வேறு. குருவுக்குத் தட்சிணை வைப்பது வேறு. முன்னது அடிமைத்தனம், பின்னது நம்முடைய பழைய தர்மம். வாங்கிய கடனைத் தீர்த்த பின்பே ஒருவன் சுதந்திரனாகிறான்.

அந்தத் தட்சிணைக்குப் பிரதியும் கிடைத்தது. டென்மார்க் தேசத்துப் பாசி அறிஞரான போர்கெஸன், இந்தியாவின் மேற்குக் கடற்கரைப் பாசிகளை ஆராய்ந்தவர், 1939இல் ஒரு பழுப்புக் கடற்பாசி இனத்துக்கு ஐயங்காரியா என்று பெயரிட்டார். ஐயங்காரிடம் பயின்ற தேசிகாச்சாரி, 1953இல் திருப்பதியில் கண்ட ஒரு பாசி இனத்துக்கு ஐயங்காரியெல்லா என்று பெயர் வைத்தார். ஆசிரியரை மாணவர் கௌரவிக்க, அந்த மாணவரை அவர் மாணவர் கௌரவித்தார். பட்டமும் பதக்கமும் இதைவிட என்ன சொல்லிவிட முடியும்?

அறிவு ஓரிடத்தில் நிற்பதில்லை. பிரிட்ஷியெல்லாவே தரைச் செடிகளின் மூதாதையரைக் காட்டுகிறது என்று ஒரு காலத்தில் நம்பியவர் உண்டு. பின்வந்த ஆராய்ச்சிகள் அதை ஏற்கவில்லை. அணுக்கள் பிளவுபடும் முறையையும், பிற்காலத்தில் பரம்பரைக் கூறுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது வேறொரு கிளையைச் சேர்ந்தது என்றும், தரையை நோக்கிய பாதையைத் தானாகவே தனியே கண்டுபிடித்தது என்றும் தெளிவாயிற்று. தரைச் செடிகளுக்கு மிக நெருங்கிய உறவினர் ஸ்பைரோகைரா முதலியவை அடங்கிய கூட்டமே என்று 2014க்குப் பின் வந்த பெரிய ஒப்பாய்வுகள் காட்டின. 1923இலேயே ஐயங்கார் குனிந்து பார்த்த அதே கூட்டம்! விளக்கம் மாறிற்று, அவர் பார்த்த உண்மை ஒன்றும் மாறவில்லை. சேற்றில் அவர் கண்டதைக் கண்டபடியே வரைந்து வைத்ததனால்தான் பின்வந்தவர்கள் அதைக் கொண்டு வாதிக்கவும் திருத்தவும் முடிந்தது.

ஆசிரியரின் பரம்பரை

லண்டனிலிருந்து திரும்பிய ஐயங்கார், சென்னைச் சர்வகலாசாலையின் தாவர ஆராய்ச்சிச் சாலைக்குத் தலைவரானார். 1936இல் கராசியோசைபன் என்னும் மற்றொரு புதிய பாசி இனத்தை வெளியிட்டார். ஆனால் அவருடைய பெரிய படைப்பு எந்தப் பாசியும் அன்று. அவரிடம் பயின்ற மாணவர்களே. ராமநாதன், சுப்பிரமணியன், பாலகிருஷ்ணன், தேசிகாச்சாரி என்று ஒரு வரிசை எழுந்தது. ஒருவர் பச்சைப் பாசியையும், மற்றொருவர் சிப்பி போன்ற ஓடுடைய நுண்பாசியையும், இன்னொருவர் நீலப்பசும் பாசியையும் எடுத்துக்கொண்டனர். தேசிகாச்சாரி நீலப்பசும் பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட பெருநூல், உலகமெங்கும் அத்துறையினர் கையாளும் ஆதார நூலாயிற்று. பாசியின் பெயரைத் தெரிந்துகொள்ள நம்மவர் ஐரோப்பாவுக்கு எழுதிக் காத்திருந்த காலம் ஒரு தலைமுறைக்குள் மாறியது.

நாடு சுதந்திரம் பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1944இல், அவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெறவில்லை. இந்தியப் பாசியியல் சங்கம் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக அவரே இருந்தார். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதி, எழுபத்தேழு வயது நிறைய ஐந்து நாள் இருக்கையில் காலமானார். வால்வாக்ஸ் இனத்தைப் பற்றி அவரும் தேசிகாச்சாரியும் சேர்ந்து எழுதிய நூல் 1981இல்தான் அச்சேறியது. ஆசிரியர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆன பின்னும் அவர் பெயரை முன்னே வைத்து மாணவர் வெளியிட்ட நூல் அது.

இதனால் என்ன பயன்?

வயிற்றுக்குச் சோறில்லாத நாட்டில் பாசி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவருக்கும் பதில் உண்டு. பிரிட்ஷின் ஆராய்ச்சிச் சாலையில் பணிபுரிந்த மற்றோர் இந்தியரான டே என்பவர், வயலில் தேங்கிய நீரில் வளரும் நீலப்பசும் பாசிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நெற்பயிருக்கு உரமாக்குகின்றன என்று 1939இல் நிலைநாட்டினார். எருவிடாத வயலும் ஆண்டுதோறும் ஓரளவு விளைவது எப்படி என்ற பழைய புதிருக்கு விடை பாசியில் இருந்தது. காசியில் ஆர். என். சிங் என்பவர் 1941இல், ஐயங்கார் கண்ட பிரிட்ஷியெல்லா எந்த மண்ணில் எந்த ஈரத்தில் எவ்வாறு வாழ்கிறது என்று விரிவாக ஆராய்ந்தார். அவரே பின்னர், உவர் நிலத்தில் நீர் கட்டிப் பாசியை வளர்த்தால் நிலம் திருந்தும் என்று 1950இல் வெளியிட்டார். உவரால் பாழான நிலத்தை வைத்துக்கொண்டு ஏங்கும் குடியானவனுக்கு இது அற்பமான செய்தியா?

நம் அடுக்களையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. குழம்புக்கு வாசனையூட்டக் கடையில் வாங்கும் கல்பாசி, உண்மையில் ஒரே தாவரம் அன்று. பூஞ்சணமும் பாசியும் பிரிக்க முடியாதபடி கூடி நடத்தும் குடித்தனம் அது. சுவிட்சர்லாந்து நாட்டவரான ஷ்வெண்டனர் 1860களின் இறுதியில் இதைச் சொன்னபோது பெரிய அறிஞர்களே பரிகசித்தார்கள். பூஞ்சணம் வீட்டைக் கட்டி ஈரத்தைக் காக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. இரண்டும் கூடியதால் வேறெதுவும் முளைக்காத வெறும் பாறையிலும் வாழ முடிகிறது. பழமலை என்று பெயர் கொண்ட விருத்தாசலத்துக் கோயிலைப் போன்ற பழைய ஆலயங்களின் கருங்கல்லில் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும் திட்டுக்கள் இந்தக் குடித்தனங்களே. கந்தகப் புகை மிகுந்த காற்றில் இவற்றுள் பல இனங்கள் முதலில் மறைந்துவிடும். ஆகவே சூளையும் ஆலையும் உள்ள ஊர்களில், காற்று கெடுகிறதா என்பதை யந்திரமில்லாமலே அறிவிக்கும் காவலாளிகள் அவை. இந்தக் குடித்தனத்தில் பாதியான பாசியைச் சரியாக அறிந்தாலொழியக் கல்பாசியையும் அறிய முடியாது. ஐயங்கார் தொடங்கி வைத்த வேலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நம் கடமை

ஐயங்காருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர் ஆராய்ந்த இடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிறோம். மழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் குட்டையே பிரிட்ஷியெல்லாவின் வீடு. வருஷம் முழுவதும் நீர் நின்றாலும் அது வாழாது. முற்றிலும் தூர்ந்தாலும் வாழாது. அப்படிப்பட்ட குட்டைகளைத்தான் பயனற்ற பள்ளம் என்று முதலில் தூர்க்கிறோம், வீட்டு மனையாக்குகிறோம், குப்பையால் நிரப்புகிறோம். ஏரிக்காகப் போராடுபவர் உண்டு. ஆற்றுக்காகப் போராடுபவர் உண்டு. குட்டைக்காகப் பேசுபவர் யார்? ஊரில் சபை கூட்டும் வழக்கமும் மனு எழுதும் திறமையும் உடைய அன்பர்கள், தங்கள் ஊர்க் குட்டைகள் எத்தனை இருந்தன, எத்தனை மிஞ்சின என்று கணக்கெடுப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இரண்டாவது, நம் பள்ளிக்கூடங்கள். பாசியின் படத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்விக்கிறோம். பள்ளியின் பின்புறமே மழைநீர் தேங்கி நிற்கும். அதில் அந்தப் பாசியே மிதக்கும். பிள்ளை அதைக் காணாமலே பரீட்சையில் தேறிவிடுகிறது. விருத்தாசலத்துப் பிள்ளை சூளைக்குப் போய் மண் பீங்கானாவதைப் பார்க்கிறது. மணிமுத்தாற்றங்கரைக்குப் போய் அதே மண்ணில் உயிர் முளைப்பதையும் ஒரு நாள் பார்க்கட்டும். குப்பி ஒன்றும் பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்க முடியாத அளவுக்கு நம் பாடசாலைகள் ஏழையாகிவிடவில்லை.

அந்நியர் ஆட்சி 1947இல் ஒழிந்தது. அறிவில் பிறர் கையை எதிர்பார்க்கும் பழக்கம் ஒரு தேதியில் ஒழிந்துவிடுவதில்லை. ஒவ்வோர் ஆசிரியரும் தம் ஊர் மண்ணுக்குக் குனிந்து பார்க்கும் அன்றுதான் அது சிறிது சிறிதாகக் கழிகிறது. பார்த்தசாரதி ஐயங்கார் மிதிபடும் சேற்றை எடுத்துக் கழுவிப் பார்த்தார். அதற்கு முன் ஆயிரம் பேர் அதே சேற்றை மிதித்துச் சென்றிருந்தனர். அந்த ஆயிரம் பேரில் நாம் ஒருவராக இருக்கப் போகிறோமா என்பதே அவர் வாழ்க்கை நம்மைக் கேட்கும் கேள்வி.